ஒன்பதாவது வரி

ஜனவரி 12

அன்புள்ள தங்கைக்கு,

இங்கே நானும் கடுகும் சௌக்கியம். உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? மோட்டார் வைத்த தையல் மெஷினுக்கு மாறிவிட்டால் நல்லது என்று போன கடிதத்தில் எழுதியிருந்தேன். எழுதினேனா என்பதில் சற்றே சந்தேகம் இருப்பதால் மறுபடியும் எழுதுகிறேன்.

விஷயம் கடுகின் படிப்பைப் பற்றியது. பதினொன்றாம் வகுப்பு முடிப்பவர்களில் பன்னிரண்டு பேரை மட்டும் பல பள்ளிகளிலிருந்து பொறுக்கி எடுத்து, கடைசி வருஷத்தைக் கல்லூரியிலேயே படிக்க வைத்து, அப்படியே பட்டப்படிப்பில் சேர்த்துக்கொள்ளும் திட்டம் ஒன்று இருக்கிறது. முன்சேர்க்கைத் திட்டம் என்று பெயர். கல்லூரி இங்கிருந்து ரயிலில் ஐந்து மணி நேரம். விடுதியில்தான் தங்க வேண்டும். அங்கே பூச்சியியலுக்கென்று தனி ஆய்வகம் இருக்கிறதாம். இது தெரிந்ததிலிருந்து இவள் தரையில் நடக்கவில்லை. வீட்டில் தீப்பெட்டி தேடினால் எல்லாவற்றிலும் வண்டுதான் இருக்கிறது.

மூன்று படிவங்கள். மாணவி நிரப்புவது நீலம், வகுப்பாசிரியை நிரப்புவது மஞ்சள், பெற்றவனாகிய நான் நிரப்புவது வெள்ளை. முப்பத்து நான்கு வருஷம் தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில் படிவம் நிரப்பியவனுக்கு இது பெரிய காரியமில்லை என்று நினைத்துப் போனேன். பள்ளி அலுவலகத்தில் நடந்ததைக் கேள்.

"நீலப் பாரம் வாங்கிட்டீங்களா சார்?" என்றார் மூன்றாம் ஜன்னலில் இருந்த அம்மா.

"இல்லைம்மா."

"அது ரெண்டாம் நம்பர்ல. நீலம் வாங்கினாத்தான் வெள்ளை கொடுக்க முடியும்."

"ரெண்டாம் நம்பர்ல யாரும் இல்லையே?"

"அங்க போய் நில்லுங்க, வரேன்."

போய் நின்றேன். அவரே எழுந்து வந்து இரண்டாம் ஜன்னலில் உட்கார்ந்து, "சொல்லுங்க சார், என்ன வேணும்?" என்றார். முதல்முறை பார்ப்பது போலவே கேட்டார்.

வெள்ளைப் படிவம் ரகசியமானது. பிள்ளையிடம் காட்டக் கூடாது. வீட்டிலேயே உறையில் இட்டு ஒட்டி, ஒட்டிய இடத்தின் மேல் கையெழுத்துப் போட வேண்டும். பிள்ளையின் குணங்களைப் பற்றிப் பன்னிரண்டு வரிகள். ஒவ்வொன்றுக்கும் பத்துக்கு எத்தனை என்று போட வேண்டும். இருபத்து நான்காம் தேதி கடைசி நாள். ஒரு நாள் முன்னதாகவே கொடுத்துவிடலாம் என்றிருக்கிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள். தைக்கும் இடத்தில் வெளிச்சம் போதுமா என்றும் எழுது.

அன்புடன்,
உன் அண்ணன்


ஜனவரி 19

அன்புள்ள அண்ணாவுக்கு,

முழங்கால் தன் பாட்டுக்கு வலிக்கிறது, நான் என் பாட்டுக்குத் தைக்கிறேன். ஒருவரையொருவர் கண்டுகொள்வதில்லை. நீங்கள் இருவரும் நலமென்று அறிந்து சந்தோஷம். மோட்டார் மெஷினைப் பற்றி நீ எழுதியது இது மூன்றாவது தடவை.

போனில் பேசினால் உன் காதுக்கு எதுவும் கேட்பதில்லை, அதனால் கொட்டை எழுத்தில் எழுதுகிறேன். வெள்ளைப் பாரத்தில் எல்லாவற்றுக்கும் பத்து போடு. யோசிக்காதே. என்னிடம் யூனிஃபார்ம் தைக்க வருகிற அம்மாக்களைக் கேட்டுப் பார்த்தேன். போன வருஷம் இதே மாதிரிப் பாரம் நிரப்பிய ஒருத்தி, "பத்துக்கு மேல போட இடமிருந்தா போட்டிருப்பேன் அக்கா" என்றாள். அவள் பையன் மூன்று பாடத்தில் தத்தளிக்கிறவன்.

அண்ணி காலமான பிறகு இரண்டு வருஷம் கடுகை என் மடியில் வைத்து வளர்த்தவள் நான். அவள் எப்படிப்பட்ட பெண் என்று எனக்குத் தெரியும். நீ எப்படிப்பட்ட ஆள் என்றும் தெரியும். அதனால்தான் கவலையாக இருக்கிறது.

வெளிச்சம் போதும். சாப்பாட்டில் கவனமாக இரு.

உன் தங்கை


பிப்ரவரி 2

அன்புள்ள தங்கைக்கு,

இருவரும் நலம். உன் கடிதம் இருபத்து நான்காம் தேதி வந்தது. படிவத்தை இருபத்து மூன்றாம் தேதியே கொடுத்துவிட்டேன். இப்போது ஒரே அம்மாவைத் தேடி இரண்டு ஜன்னலுக்கும் நடக்க வேண்டியதில்லை. எந்த ஜன்னலில் நின்றால் வருவார் என்று எனக்குப் பிடிபட்டுவிட்டது.

மதிப்பெண்ணைப் பற்றி எழுதியிருந்தாய். நியாயமாகத்தான் போட்டிருக்கிறேன் என்று நினைக்கிறேன்.

குளியலறைக் குழாயில் ஒரு வாரமாகச் சொட்டிக்கொண்டிருந்தது. வாஷர் மாற்றினேன். நின்றுவிட்டது. கடுகு ஒரு வெட்டுக்கிளிக்கு என் பழைய கண்ணாடிக் குடுவையைக் கேட்டாள், கொடுத்தேன். வேறு விசேஷமில்லை. குளிர் நாளில் முழங்காலுக்குத் துணி சுற்றிக்கொள்.

அன்புடன்,
உன் அண்ணன்


மார்ச் 3

அன்புள்ள அத்தைக்கு,

நல்லா இருக்கீங்களா? நான் உடம்பளவில் நல்லா இருக்கேன். இந்தக் கடிதம் நான் எழுதினது அப்பாவுக்குத் தெரியாது. தெரிய வேண்டாம்.

இன்டர்வியூவுக்குக் கூப்பிட்டவங்க பேரை பள்ளிக்கூட நோட்டீஸ் போர்டில் ஒட்டினாங்க. எங்க ஸ்கூல்ல ஒன்பது பேர் போட்டோம், ஐந்து பேரைக் கூப்பிட்டிருக்காங்க. என் பேர் இல்லை. என்னை விட மார்க் கம்மியா வாங்கினவங்க மூணு பேர் அதில் இருக்காங்க. டீச்சர் போர்டுக்குப் பக்கத்தில் நின்னு, "உன் பேர் எங்கயாவது பின்பக்கம் இருக்கும், நல்லா பாரு" என்றார். பின்பக்கம் சுவர்தான் இருந்தது.

அத்தை, இது கிடைக்கலன்னா நான் இந்த ஊர் காலேஜில்தான் சேரணும். அங்கே பூச்சின்னா எந்த மருந்தை எத்தனை சொட்டு அடிக்கணும்னுதான் சொல்லிக் கொடுப்பாங்க. எனக்கு அதைக் கொல்லத் தெரிய வேண்டாம்.

அப்பா ஒண்ணுமே சொல்ல மாட்டேங்கிறார். நான் அழுதப்போ கூட, "விசாரிக்கிறேன்" என்று மட்டும் சொன்னார். அன்னைக்கிலிருந்து தினமும் பத்து மணிக்கு ஸ்கூலுக்கு வந்து ஆபீஸ் பெஞ்சில் உட்கார்ந்துக்கிறார். மதியம் வரைக்கும். அந்த பெஞ்சுக்கும் உங்கப்பாவுக்கும் கல்யாணம் பண்ணி வெச்சிடலாமான்னு என் க்ளாஸ் பசங்க கேட்கிறாங்க. அவருக்கு ஏதோ தெரிஞ்சிருக்கு. உங்ககிட்டயாவது சொன்னாரா?

முழங்காலைப் பார்த்துக்கோங்க.

உங்கள்
கடுகு


மார்ச் 8

அண்ணா,

நலமா என்று பிறகு கேட்கிறேன். கடுகுக்கு நேர்காணல் வரவில்லை என்று கேள்விப்பட்டேன். யார் சொன்னார்கள் என்று கேட்காதே. நீ எனக்கு எழுதிய கடைசிக் கடிதத்தில் குழாய் வாஷரைப் பற்றி அத்தனை எழுதியபோதே எனக்குச் சந்தேகம்.

நீ எந்தக் காகிதத்தையும் நகல் எடுக்காமல் கையை விட்டு விடமாட்டாய். வெள்ளைப் பாரத்தின் நகலும் உன் மேஜையில் இருக்கும். அதை அப்படியே எழுதி அனுப்பு.

உன் தங்கை


மார்ச் 14

அன்புள்ள தங்கைக்கு,

நீ கோபமாக இருக்கிறாய் என்று தெரிகிறது. எனக்கும் என் மேல் அப்படித்தான்.

இரண்டு வாரம் பெஞ்சில் உட்கார்ந்த பிறகு அலுவலக அம்மாவுக்கே என் மேல் இரக்கம் வந்துவிட்டது. ஜன்னலை விட்டு வெளியே வந்து பக்கத்தில் உட்கார்ந்து சொன்னார்.

"சார், பாப்பாவோட நீலமும் மஞ்சளும் அருமையா இருக்கு. வெள்ளைதான் சிக்கல். அது எண்பத்தி நாலுக்குக் கீழ வந்தா கம்ப்யூட்டரே தனியா எடுத்து வெச்சிடும்."

"எண்பத்தி நாலுன்னு பாரத்துல போடலையேம்மா?"

"போட மாட்டாங்க சார். போட வேண்டிய அவசியமும் வந்ததில்ல. பெத்தவங்க போடுற மார்க்கு கொறையுமா? நான் வந்து பத்தொன்பது வருஷம் ஆச்சு, ஒருத்தருக்கும் இப்படி வந்ததில்ல." பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, "வீட்ல ஏதாவது பிரச்சினையா சார்?" என்று கேட்டார்.

நீ கேட்ட நகல் இதோ. நேர்மைக்கு எட்டு. விடாமுயற்சி, நேரந்தவறாமை, வாசிப்பு, கவனம், பிறருடன் பழகுதல், கோபத்தை அடக்குதல், கேள்வி கேட்டல், உடல்நலம், பணிவு, சிக்கனம் ஆகியவற்றுக்குத் தலா ஏழு. மொத்தம் எண்பத்திரண்டு.

ஏன் ஏழு என்று கேட்பாய். எங்கள் கூடத்தில் தண்ணீரின் தெளிவுக்குப் பத்துக்கு மதிப்புப் போடுவோம். பத்து என்பது நாங்களே காய்ச்சி வடித்து இயந்திரத்துக்கு ஊற்றுகிற நீர்; அதை யாரும் குடிப்பதில்லை. ஒன்பது நான் போட்டதே இல்லை. எட்டு, என் சர்வீஸில் இரண்டு முறை, இரண்டும் மலை ஊற்று. ஏழு என்றால் தைரியமாகக் குழந்தைக்குக் கொடுக்கலாம் என்று அர்த்தம். அந்தக் கணக்கில் ஏழு என்பது நான் தரக்கூடிய பெரிய பாராட்டு. பள்ளிக்கூடத்துக்கு அந்த அளவுகோல் தெரியாது என்பதை நான் யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை.

கடுகிடம் இன்னும் சொல்லவில்லை. உன் முழங்காலைப் பற்றி நீ எழுதவில்லை.

அன்புடன்,
உன் அண்ணன்


மார்ச் 20

அன்புள்ள அண்ணாவுக்கு,

முழங்கால் இருக்கிற இடத்தில் இருக்கிறது. உன் உடம்பு எப்படி?

உன் கடிதத்தைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் மெஷினை நிறுத்தி உட்கார்ந்துவிட்டேன். உன் பொண்ணு என்ன ஆத்துத் தண்ணியா? அவளைப் பாட்டிலில் பிடித்து வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாயா? என் கடையில் வேலை செய்கிற பெண்ணிடம் சொன்னேன். சிரித்துச் சிரித்து ஊசியைக் கையில் குத்திக்கொண்டாள்.

சரி, சிரிப்பு முடிந்தது. நான் படித்தது எட்டாவதுவரைதான், ஆனால் சட்டைக்கு அளவெடுத்துக் கூட்டிக் கழித்தே ஆயுசு போனவள். நேர்மைக்கு எட்டு. மற்ற பத்துக்கும் ஏழேழாக எழுபது. ஆக எழுபத்தெட்டு. நீ எழுதிய மொத்தம் எண்பத்திரண்டு. பாரத்தில் பன்னிரண்டு வரி என்று முதல் கடிதத்தில் நீயே எழுதியிருக்கிறாய்; எனக்கு வந்தது பதினொன்று.

ஒரு வரியைக் காணோம். அதற்கு நீ நாலு போட்டிருக்கிறாய். அதற்கும் ஏழு போட்டிருந்தால் எண்பத்தைந்து. உன் தண்ணிக் கணக்கிலேயே பிள்ளை தேறியிருப்பாள். உனக்கு மறைக்கவும் தெரியவில்லை அண்ணா. மறைக்கிற ஆள் கூட்டுத்தொகையைச் சரியாக எழுதுவானா?

அது எந்த வரி?

உன் தங்கை


மார்ச் 27

அன்புள்ள தங்கைக்கு,

உடம்பு நலம். தூக்கம் குறைவு, அவ்வளவுதான்.

அது ஒன்பதாவது வரி. 'வீட்டைப் பிரிந்து தனியே வாழும் ஆற்றல்' என்று அச்சிட்டிருந்தது.

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். பள்ளி விடுமுறை நாள், காலை பதினொரு மணி. சாப்பாட்டு மேஜையில் எட்டு வரிவரை முடித்திருந்தேன். உள்ளேயிருந்து கடுகு, "அப்பா, சீக்கிரம் வாங்க, இது முட்டை வெச்சிருக்கு" என்று கூப்பிட்டாள். போனேன். பூதக்கண்ணாடியை என் கையில் கொடுத்து, என் தோளில் மோவாயை வைத்துக்கொண்டு, எந்தப் பக்கம் பார்க்க வேண்டும் என்று சொன்னாள். பார்த்தேன். திரும்பி வந்து பேனாவை எடுத்தேன். ஒன்பதாவது வரி. நான்கு என்று போட்டேன். அடுத்த வரிக்குப் போய் ஏழு போட்டேன்.

அதற்கு என்னிடம் எந்தச் சான்றும் இல்லை. பள்ளி முகாமுக்குப் பத்து நாள் போய் இருந்தவள். பன்னிரண்டு வயதிலிருந்து சமைக்கிறாள். காய்ச்சலில் நான் படுத்தபோது மருந்துக் கடைக்கு அவள்தான் போனாள். சான்று இல்லாமல் ஒரு எண்ணை எங்கள் கூடத்தில் எவராவது எழுதியிருந்தால் மேலதிகாரிக்கு நானே புகார் எழுதியிருப்பேன். அவளைப் பற்றிக் கேட்ட கேள்விக்கு நான் என்னைப் பற்றி எழுதிவிட்டேன். அன்றைக்கு அது எனக்குத் தெரியவில்லை. தெரியவில்லை என்பதும் உண்மைதானா என்று இப்போது சந்தேகமாக இருக்கிறது.

ஒரு வழி இருக்கிறது. அலுவலக அம்மா விதிப் புத்தகத்தில் முப்பத்தோராம் பக்கத்தில் கண்டுபிடித்துக் கொடுத்தார். பெற்றவர் தன் மதிப்பீட்டைக் காரணம் எழுதித் திரும்பப் பெறலாம். அதற்குப் பதிலாக, பிள்ளையை ஒரு வருஷத்துக்குக் குறையாமல் வளர்த்த வேறொருவர் புதிதாக எழுதித் தர வேண்டும். இங்கேயும் அங்கேயும் தேடினாலும் அது நீ ஒருத்திதான். வெள்ளைப் படிவம் ஒன்று இத்துடன் வைத்திருக்கிறேன். ஏப்ரல் பத்துக்குள் சேர்க்க வேண்டும். சேர்த்தால் அந்த மாதக் கடைசியில் நடக்கும் இரண்டாம் சுற்று நேர்காணலுக்குக் கூப்பிடுவார்கள்.

மூன்றாவதாக ஒரு நிபந்தனை. நான் எழுதும் காரணத்தின் கீழே, 'படித்துப் புரிந்துகொண்டேன்' என்று மாணவி கையெழுத்திட வேண்டும்.

காரணத்துக்கு இரண்டு கோடு விட்டிருக்கிறார்கள். ஏழு வரைவு எழுதிப் பார்த்துவிட்டேன். 'அளவுகோல் வேறுபாடு' என்று எழுதலாம். அது முழுப் பொய்யும் இல்லை. "ஏதாவது எழுதுங்க சார், யாரு படிக்கப் போறா" என்றார் அந்த அம்மா.

கடுகு படிப்பாள்.

அன்புடன்,
உன் அண்ணன்


ஏப்ரல் 2

அன்புள்ள அண்ணாவுக்கு,

இங்கே எல்லோரும் நலம். உறையை ஒட்டி, மேலே கையெழுத்துப் போட்டு, பதிவுத் தபாலில் அனுப்பியிருக்கிறேன். நான் என்ன போட்டேன் என்று உனக்குச் சொல்ல மாட்டேன். ரகசியம் என்று அதிலேயே போட்டிருக்கிறது.

ஒன்று மட்டும் சொல்கிறேன். இரண்டு வருஷம் கழித்து நீ வந்து கடுகைத் திரும்பக் கூட்டிப் போனாயே, அன்றைக்கு நான் அவளுக்குத் தலை வாரி, புது கவுன் போட்டு, சிரித்துக்கொண்டேதான் அனுப்பினேன். நீ கூட, "பரவாயில்லையே, நீ அழுவேன்னு நினைச்சேன்" என்றாய். அன்றைக்கு யாராவது என்னிடம் இந்தப் பாரத்தைக் கொடுத்திருந்தால், அப்பனிடம் போய் இருக்கும் ஆற்றல் என்று ஒரு வரி இருந்திருந்தால், நான் நாலு கூடப் போட்டிருக்க மாட்டேன். பூஜ்யம்தான்.

அதனால் காரணத்தை உள்ளபடி எழுது. அவளிடம் காட்டு. கோபப்படுவாள். கோபப்பட்டால் என்ன, நம் பிள்ளைதானே.

உன் தங்கை


ஏப்ரல் 11

அன்புள்ள தங்கைக்கு,

நலம். உன் உறை ஆறாம் தேதியே வந்துவிட்டது. நேற்று அதையும் என் காரணப் படிவத்தையும் சேர்த்துக் கொடுத்துவிட்டேன்.

எட்டாம் தேதி மதியம், அவள் பள்ளி விட்டு வந்து சாப்பிட்டு முடித்த பிறகு, படிவத்தை அவள் முன்னால் வைத்தேன். காரணம் என்ற இடத்தில் இப்படி எழுதியிருந்தேன்: 'ஒன்பதாவது வரியில் என் மகளைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். அவள் பிரிந்து போவாள் என்ற என் பயத்துக்கு நான் மதிப்பெண் போட்டுவிட்டேன்.' இரண்டு கோட்டில் அடங்கிவிட்டது.

படித்தாள். ஒருமுறைதான் படித்தாள். கையெழுத்துப் போடவில்லை. எழுந்து தட்டைக் கழுவி வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். அன்றும் அடுத்த நாளும் சாப்பாடு போட்டாள்; குழம்பு வேண்டுமா என்று கூடக் கேட்கவில்லை, பாத்திரத்தை என் பக்கம் நகர்த்தி வைத்தாள். நானும் கேட்கவில்லை. கேட்க எனக்கு என்ன உரிமை?

பத்தாம் தேதி காலையில் வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே, "அந்தப் பாரம் எங்க?" என்றாள். கொடுத்தேன். சுவரில் வைத்துக் கையெழுத்துப் போட்டாள். "வாங்க, நேரமாச்சு" என்றாள். இருவரும் நடந்து போனோம். பாதி தூரம் போனதும் கேட்டாள்.

"நாலா போட்டீங்க?"

"நாலு."

"நான் போட்டிருந்தா மூணு போட்டிருப்பேன்."

எனக்குச் சரியாகக் கேட்கவில்லையோ என்று நின்றுவிட்டேன். என் நல்ல காதுப் பக்கம் வந்து மறுபடி சொன்னாள்.

"மூணுப்பா. முகாமுக்குப் போன பத்து நாளும் தலகாணியை நனைச்சேன். வந்து ஜாலியா இருந்துச்சுன்னு உங்ககிட்ட கத விட்டேன். எனக்கும் பயமாத்தான் இருக்கு."

"அப்போ போக வேண்டாமாம்மா?"

"யாரு சொன்னா? போகணும். பயமா இருக்கு, போகணும். ரெண்டும்தான்." கொஞ்ச தூரம் நடந்த பிறகு, "முன்னாடியே சொல்லியிருந்தீங்கன்னா ரெண்டு பேரும் சேர்ந்து பயந்திருக்கலாம். தனித்தனியா பயந்து, நடுவுல ஒரு இன்டர்வியூ போச்சு" என்றாள்.

பையை அவள் கையிலிருந்து வாங்கிக்கொண்டேன்.

யாரும் படிக்கப் போவதில்லை என்று சொன்ன அலுவலக அம்மா நின்று நிதானமாகப் படித்தார். "சார், இந்த மாதிரிக் காரணம் யாரும் எழுதினதில்லையே" என்றார். தப்பா என்று கேட்டேன். முப்பத்தோராம் பக்கத்தை இன்னொரு தடவை புரட்டிப் பார்த்தார். "காரணம் எழுதணும்னுதான் போட்டிருக்கு. எப்படிப்பட்ட காரணம்னு போடல" என்று சொல்லி முத்திரை குத்தினார்.

இனி அவர்கள் பாடு. நீ வேளைக்குச் சாப்பிடு.

அன்புடன்,
உன் அண்ணன்


மே 24

அன்புள்ள அத்தைக்கு,

சௌக்கியமா? எனக்குக் கிடைச்சிடுச்சு. பன்னிரண்டு பேரில் பதினோராவது பேர் என்னோடது. அப்பா பட்டியலை மேலிருந்து ஒருதடவையும் கீழிருந்து ஒருதடவையும் எண்ணிப் பார்த்தார்.

இன்டர்வியூவில் மூணு பேர் இருந்தாங்க. நடுவில் இருந்த மேடம் ஒரு வண்டைக் காட்டிக் கேட்டாங்க, சொன்னேன். இன்னொண்ணைக் காட்டினாங்க, தெரியலன்னு சொன்னேன். அப்புறம், "உங்க அப்பா எழுதினதைப் படிச்சோம். இப்போ எப்படி இருக்கார்?" என்று கேட்டாங்க. "பயந்துகிட்டேதான் மேடம் இருக்கார். ஆனா பெட்டி வாங்கிட்டார்" என்றேன். மூணு பேரும் சிரிச்சாங்க. அப்பா வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். எதுக்குச் சிரிச்சாங்கன்னு வீடு வரைக்கும் கேட்டுக்கிட்டே வந்தார். சொல்லலை.

ஜூன் பதினாறு கிளம்பறேன். ஹாஸ்டலில் போன் வெச்சுக்க விட மாட்டாங்க, கடிதம்தான். மாசத்தில் முதல் ஞாயிறு பார்க்க வரலாம்.

அத்தை, அப்பாகிட்ட நான் சண்டை போட்டது பழைய கதை. ஆனா ஒரு விஷயத்தில் அவர் மாறவே இல்லை. அவருக்கு என்ன வேணும்னு அவர் வாயால் சொல்ல மாட்டார். நீங்கதான் பார்த்துக்கணும்.

வெள்ளைப் பாரத்தில் எனக்கு என்ன போட்டீங்க? என்கிட்ட மட்டும் சொல்லுங்க.

உங்கள்
கடுகு


ஆகஸ்ட் 29

அன்புள்ள தங்கைக்கு,

நலம். உனக்குப் புது மெஷின் வந்துவிட்டது என்று கடுகு எழுதித்தான் தெரிந்தது. மகிழ்ச்சி. முழங்கால் என்ன சொல்கிறது?

ஜூலையிலும் ஆகஸ்டிலும் முதல் ஞாயிறு போய் வந்தேன். ஜூலையில் விடுதி வாசலிலேயே நின்றுகொண்டிருந்தாள். முகம் சிறுத்திருந்தது. ஒரு மணி நேரம் என் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். ஆகஸ்டில் ஆய்வகத்தைக் காட்டினாள். இழுப்பறை இழுப்பறையாகப் பூச்சிகள், ஒவ்வொன்றுக்கும் சீட்டு. யாரோ மிகவும் நேர்த்தியாக எழுதியிருக்கிறார்கள். எனக்குப் பிடித்திருந்தது. நான் கிளம்பும்போது அழவில்லை. நானும் இல்லை.

செப்டம்பர் ஞாயிற்றுக்கிழமைக்கு நேற்றே பையில் துணி எடுத்து வைத்தேன். அவளுக்கு இரண்டு நோட்டு, ஒரு சோப்பு டப்பா, நீ தைத்து அனுப்பிய இரவு உடை. இன்று அவள் கடிதம் வந்தது. அப்படியே எழுதுகிறேன்:

'அப்பா, நல்லா இருக்கீங்களா? மாத்திரை ஒழுங்கா சாப்பிடுறீங்களா? வர்ற ஞாயிறு வர வேண்டாம். நாங்க ஆறு பேர் ஏரிக்கரைக்குத் தும்பி எண்ணப் போறோம். விடிகாலை போனா சாயந்திரம்தான் வருவோம். நீங்க வந்தா என்னால உட்கார்ந்து பேச முடியாது, எனக்குக் கஷ்டமா இருக்கும். அக்டோபர்ல வாங்க. மறக்காம வாங்க.'

முதல்முறை படித்தபோது வருத்தமாக இருந்தது. மறைப்பதற்கில்லை. எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்து இரண்டாம் முறை படித்தேன். ஆறு பேர் என்று எழுதியிருப்பதை அப்போதுதான் கவனித்தேன். சந்தோஷமாக இருந்தது. மூன்றாம் முறை படிக்கவில்லை. இப்படியே இருக்கட்டும் என்று மடித்து வைத்துவிட்டேன்.

பையைப் பிரிக்க மனம் வரவில்லை. வீடு மிகவும் அமைதியாக இருக்கிறது. எனக்குத் தனியாக இருக்கப் பிடிக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலை வண்டியில் உன் வீட்டுக்கு வருகிறேன். நாலைந்து நாள் இருப்பேன். உனக்குத் தையல் வேலை அதிகமிருந்தால் நான் பாட்டுக்கு ஒரு மூலையில் உட்கார்ந்து பொத்தான் தைத்துக் கொடுக்கிறேன்.

வரட்டுமா என்று கேட்பதற்காகத்தான் எழுத உட்கார்ந்தேன். இப்போது பார்த்தால் வருகிறேன் என்று எழுதியிருக்கிறது. அடித்துத் திருத்தப் போவதில்லை.

அன்புடன்,
உன் அண்ணன்